அசை பிரித்தால் கவிதை செத்துப்போகுமா?

“யாப்பு பார்த்துக் கவிதை படிப்பது பிணத்தை அறுத்துப் பார்க்கிற மாதிரி” என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது இப்போது ரொம்ப சுலபம். சிங்கப்பூரில் இளையவர்கள் கூடுகிற வாசிப்புக் கூட்டங்களில் இந்த வசனம் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். அசை, சீர் என்று யாராவது வாயெடுத்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். “பரீட்சைக்குப் படிச்சது போதும் பாஸ், கவிதையை உணருங்க” என்பார். எண்ணத் தெரிந்தவனுக்கு உணரத் தெரியாது என்று யார் முடிவு பண்ணினார்களோ தெரியவில்லை.

எனக்கு இந்தப் பேச்சோடு சண்டை. பொத்தாம்பொதுவாகச் சண்டை போட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும் என்பதால், ஒரே ஒரு சூரிய அஸ்தமனத்தை வைத்துக்கொண்டு போடுகிறேன். பாஞ்சாலி சபதத்தில் வரும் மாலை வருணனை. பாரதியைப் பிடித்தவர்கள் பிடிக்காதவர்கள் எல்லாரும் “நல்லா எழுதியிருக்கார்” என்று ஒத்துக்கொள்கிற பகுதி. அந்த ‘நல்லா’வில் சரிபாதி யாப்பில் இருக்கிறது. யாப்பைக் கேட்காமல் படிப்பவர்கள் ஓசையை மட்டும் இழக்கவில்லை, கவிதை சொல்கிற விஷயத்திலேயே பெரிய ஒன்றை இழக்கிறார்கள். இதுதான் என் வழக்கு.

முதலில் இடம். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். இரண்டாம் பாகம் அவர் இறந்த பிறகு 1924இல்தான் அச்சேறியது. முதல் பாகத்தின் சூழ்ச்சிச் சருக்கத்தில், சூதாட அழைப்பு வந்து பாண்டவர்கள் அஸ்தினாபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். போகிற வழியில் ஒரு சோலையில் சேனை தங்குகிறது. அர்ஜுனன் பாஞ்சாலியைத் தனியாக ஒரு புல்மேட்டுக்குக் கூட்டிப்போகிறான். அவள் அவன் தொடைமேல் சாய்ந்திருக்க, மேற்கு வானத்தைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கதை தெரிந்தவர்களுக்கு இது என்ன மாலை என்று தெரியும். அடுத்து வரப்போவது மண்டபம், பகடை, துகில். அந்தப் பெண்ணுக்கு நிம்மதியான மாலை என்று இருந்தால் இது ஒன்றுதான் மிச்சம்.

இந்த வருணனைக்கு பாரதி எடுத்துக்கொண்ட வடிவம் எண்சீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிடலாம். குறிலோ நெடிலோ தனியாக நின்றாலும், பின்னால் ஒற்று ஒட்டிக்கொண்டு நின்றாலும் அது நேரசை. இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது நிரையசை. இரண்டு அசை சேர்ந்து நேரில் முடிந்தால் அந்தச் சீர் ‘மா’. மூன்று அசை சேர்ந்து நேரில் முடிந்தால் ‘காய்’. இரண்டும் நேராக இருக்கிற மாவுக்குப் பெயர் தேமா. முடிந்தது பாடம்.

எண்சீர் விருத்தத்தில் ஒரு அடிக்கு எட்டுச் சீர். அச்சில் அதை இரண்டாக மடித்துப் போடுவார்கள். ஆக, அரையடிக்கு நாலு சீர். பாரதியின் அரையடி ஒவ்வொன்றும் இப்படி நடக்கிறது: காய், காய், மா, தேமா. நடையைக் காதில் வாங்குவதற்காக மட்டும் நான் ஒரு அடி கட்டிப் பார்த்தேன். கவிதை என்று யாரும் அடிக்க வர வேண்டாம், இது சோதனைக்கூடத்துச் சாமான்.

வான்முழுதும் செந்நிறமாய் மாறும் நேரம்
வழியோரக் கடையெல்லாம் விளக்கு போடும்

வான்-முழு-தும், செந்-நிற-மாய்: மூன்று மூன்று அசை. மா-றும், நே-ரம்: இரண்டு இரண்டு. அடுத்த அரையடியும் அதே மாதிரி: வழி-யோ-ரக், கடை-யெல்-லாம், விளக்-கு, போ-டும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காலை அகல வைத்து இரண்டு நடை, பிறகு சுருக்கி வைத்து இரண்டு நடை, ஒரு நிறுத்தம். ‘வானம் சிவக்கும்போது கடைகளில் விளக்குப் போடுவார்கள்’ என்று சொன்னாலும் செய்தி அதேதான். ஆனால் அந்தச் செய்தி எங்கேயும் நின்று மூச்சு வாங்குவதில்லை. விருத்தத்தில் செய்தி விரிந்து, ஒடுங்கி, நின்று, மறுபடி விரிகிறது. இரண்டு அரையடியும் வா, வ என்று தொடங்குவது மோனை. முன்னால் விட்ட இடத்தையும் பின்னால் பிடித்த இடத்தையும் அது முடிச்சுப் போடுகிறது.

விருத்தத்துக்கு இரண்டு கட்டாயங்கள் உண்டு. நாலு அடியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நாலு அடிக்கும் ஒரே எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து நாலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் அடி போட்ட தடத்தில்தான் மற்ற மூன்றும் ஓட முடியும். ‘சுதந்திரம் இல்லாத வடிவம்’ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, இந்தச் சுதந்திரம் இல்லாத வடிவத்தில் அர்ஜுனன் என்ன சொல்கிறான்? வானம் கணத்துக்குக் கணம் மாறுகிறது என்கிறான். ஒரு காட்சி அடுத்ததைப் போல இருப்பதில்லை, எல்லாம் புதிது புதிதாக வருகிறது என்கிறான். அதைச் சொல்லும்போது பாரதி போட்டிருக்கும் சொல் ‘அடி’. வானத்தின் ஓர் அடி இன்னோர் அடியோடு ஒத்துப்போவதில்லை என்று சொல்கிற செய்யுள், ஒவ்வோர் அடியும் மற்ற அடியோடு கட்டாயமாக ஒத்துப்போகிற விருத்தத்தில் இருக்கிறது. போதாததற்கு அந்தச் செய்யுளின் எதுகையே ‘ரடி’ என்ற ஒலிதான். நாலு அடிகளும் ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு, உடனே ‘ரடி’ என்று வந்து விழுகின்றன. ஒத்துப்போகாமையைப் பற்றிய பேச்சு, ஒத்துப்போகும் ஒலியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தற்செயல் என்று சொல்வீர்கள். அடுத்த செய்யுளுக்குப் போவோம். அங்கே ‘கணந்தோறும்’ என்ற சொல் எட்டு அரையடிகளில் ஐந்தின் தலையில் நிற்கிறது. கணந்தோறும் வேறு வேறு வியப்பு, வேறு வேறு கனவு என்று சொல்லிக்கொண்டே போகிறான், ஆனால் சொல்லத் தொடங்கும் சொல் மட்டும் வேறாவதில்லை. புதுமையைச் சொல்ல ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார் பாரதி. மூன்றாவது செய்யுளில் சூரிய வட்டு சுழல்கிறது. அங்கே எதுகை இரண்டாம் எழுத்தோடு நிற்காமல் ‘டிவான’ என்று நீளுகிறது. நாலு அடிகளும் முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதே ஒலியில் கிளம்புகின்றன. சுழல்கிற பொருள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் இல்லையா? காது அதைக் கேட்கிறது. சுழற்சி என்ற சொல் கவிதையில் இருக்கிறது, சுழற்சி யாப்பில் நடக்கிறது.

நாலாவது செய்யுளின் கடைசியில்தான் முடிச்சு அவிழ்கிறது. வானத்தில் நடப்பது என்ன என்று அர்ஜுனன் சொல்லிவிடுகிறான்: உமை கவிதை செய்துகொண்டிருக்கிறாள். அஸ்தமனம் ஒரு கவிதை. அப்படியென்றால் முதல் செய்யுளில் வந்த அந்த ‘அடி’ வெறும் படிநிலை இல்லை, கவிதையின் அடியும்தான். ஒரு அடி இன்னொரு அடியை ஒத்திராத கவிதையை மேலே ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒத்துப்போகிற அடிகளால் அதைக் கீழே ஒருவன் பிரதி எடுக்கப் பார்க்கிறான். எனக்குத் தெரிந்து இயற்கைக்கும் கவிதைக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் தமிழில் குறைவு. ‘அடி’ என்றால் யாப்பில் என்ன என்று தெரியாதவருக்கு இந்த வாசல் திறக்கவே திறக்காது. ‘உணர்ந்து’ படித்தாலும் திறக்காது.

இதற்குப் பிறகு நடப்பது இன்னும் முக்கியம். உமையின் கவிதை என்று சொன்ன அடுத்த நொடி பாரதியின் விருத்தம் உடைகிறது. எண்சீர் போய்விடுகிறது, நாலடி எதுகை போய்விடுகிறது. அகவல் ஓட்டத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக வியப்பு கொட்டுகிறது: எரிகிற மேகங்கள், காய்ச்சி ஓடவிட்ட பொன்னின் ஓடைகள், தீவுகள், பொய்கைகள், கறுத்த கடலில் திமிங்கிலங்கள். ஆச்சரியக்குறிகள் வரிசையாக வருகின்றன. அடிகளை எண்ணிக் கட்டிப் பார்த்தவன் கட்டமுடியாமல் கையை விரிக்கிறான் என்று கேட்கிறது எனக்கு. அப்புறம் மூச்சு வாங்கி, காயத்ரி மந்திரத்தைத் தமிழில் சொல்லித் தொழுது முடிக்கிறார்கள். கட்டு, உடைவு, தொழுகை: இந்த மூன்று கட்டமும் வடிவ மாற்றத்தில்தான் தெரிகின்றன. படிமங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவருக்கு மேகம், பொன், திமிங்கிலம் என்று ஒரு பட்டியல் மிஞ்சும்.

“விருத்தத்தைத் தாண்டி எழுதத்தானே பாரதி வந்தார்” என்று இங்கே ஒருவர் கேட்பார். ஆமாம், வந்தார். ‘காட்சி’ என்ற தலைப்பில் வசன கவிதை எழுதினார், அதில் ஞாயிற்றையும் பாடினார். பாஞ்சாலி சபதத்திலேயே பல இடங்களில் நொண்டிச் சிந்து. எளிய சந்தத்தில், பொதுமக்கள் விரும்பும் மெட்டில் காவியம் செய்ய வேண்டும் என்பதை அந்த நூலின் முகவுரையிலேயே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் கையில் சிந்தும் இருந்தது, வசனமும் இருந்தது. இந்த மாலைக்கு அவர் விருத்தத்தை எடுத்தார். வேறு வழி தெரியாமல் எடுத்தவர் இல்லை. ஆகவே ‘ஏன் இது’ என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

‘படிமம்தான் கவிதை, ஓசை அலங்காரம்’ என்கிற கட்சிக்கு இன்னொரு சாட்சி. பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ 1944இல் வந்தது. அதில் குன்றம் என்ற பகுதி ஒரு மாலையில்தான் தொடங்குகிறது. அங்கேயும் உருக்கிய தங்கம் வானத்தில் ஓடையாக ஓடுகிறது. பாரதி காய்ச்சி ஓடவிட்ட அதே பொன். படிமத்தை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? “குருவிடமிருந்து எடுத்துக்கிட்டார்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

காதை வைத்துக் கேளுங்கள். பாரதியிடம் அந்தப் பொன் ஓடை, விருத்தம் உடைந்த பிறகு, கட்டில்லாத வரிகளில் வருகிறது. நிற்க நேரமில்லாத ஒருவனின் வாயிலிருந்து வருகிறது. அடுத்த துண்டு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பாரதிதாசன் அதே பொன்னை எடுத்து அறுசீர் விருத்தத்தின் முதல் சீரில் வைக்கிறார். விளமோ காயோ ஒன்று, மா ஒன்று, தேமா ஒன்று, மறுபடி அதே. ஒரு அகல நடை, இரண்டு நிதான நடை. நாலு அடிக்கும் ‘ங்’ என்ற மெல்லின எதுகை. பொன்னுக்குப் பின்னாலேயே மாணிக்கம், மரகதம், பவழம் என்று வரிசையாகக் கற்கள். சூரியன் பழமாக முழுகுகிறது, குன்று அசையாமல் நிற்கிறது. அர்ஜுனன் வேகமாக மாறுவதைக் காட்டினான். இங்கே ஒருவர் மாறுவதை நிறுத்தி நகையாகப் பதித்துக்கொண்டிருக்கிறார். ஒரே உவமை, இரண்டு உலகம். இரண்டையும் பிரிப்பது சீரும் எதுகையும். ஓசை அலங்காரம் என்றால் இந்த வித்தியாசத்தை எதில் கொண்டுபோய் வைப்பீர்கள்?

நான் இருக்கிற பேட்டையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் “சிங்கப்பூர்ல இயற்கைக் கவிதைக்கு என்ன இருக்கு” என்ற கேள்வியும் இந்தச் சண்டையின் ஒரு பக்கம். புக்கிட் மேரா என்றால் மலாயில் சிவப்புக் குன்று. பாரதிதாசனின் தலைப்பு இங்கே பேருந்தின் நெற்றியில் ஓடுகிறது. பக்கத்தில் ஹெண்டர்சன் சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில், மவுண்ட் ஃபேபரையும் தெலுக் பிளாங்கா குன்றையும் இணைத்து, 2008இல் திறந்த ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் இருக்கிறது. சாயங்காலம் அங்கே போனால் கைபேசியை உயர்த்திப் பிடித்த கூட்டம். ஆளுக்கு நாற்பது படம் எடுப்பார்கள். எல்லாம் ஒரே படம்.

ஆனால் வானம் ஒரே வானமில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் விழும். மிஞ்சிப்போனால் அரை மணி நேரம் முன்னே பின்னே. கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் தீர்ந்துபோகும். பனிக்காலமில்லை, இலையுதிர்காலமில்லை. ‘இங்கே பருவமே இல்லை, எதைப் பாடுவது’ என்று இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது எண்சீர் விருத்தம் மாதிரி தெரிகிறது. சட்டகம் தினமும் அதே அளவு. அதற்குள் மேகம் போடுகிற சீர்கள் மட்டும் தினமும் வேறு. அளவு மாறாமல் இருப்பதால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படுகிறது.

தொழிலில் எனக்கு இது தினப்படிச் சங்கதி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, இயந்திரங்களின் அதிர்வைக் கண்காணிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு மோட்டார் ஒழுங்காக ஓடும்போது எப்படி அதிர்கிறது என்று முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு கையில் இல்லாவிட்டால், இன்றைக்கு வருகிற புதுச் சத்தம் புதிதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாச் சத்தமும் இரைச்சலாகத்தான் இருக்கும். பாரதியின் விருத்தம் உடைகிற இடம் நமக்குக் கேட்காமல் போவது இதனால்தான். உடைவதற்கு முன்னால் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதே நம் காதுக்குத் தெரியவில்லை.

இதுவரை திட்டு வாங்கியவர்கள் கோபத்தோடு இருப்பார்கள். எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு. யாப்புக்கு இந்தக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை; யாப்பின் காவலர்கள்தான் சம்பாதித்துக் கொடுத்தார்கள். கவிதை வகுப்பு ஒன்றில், பதினேழு வயசுப் பெண் ஒருத்தி தாத்தாவைப் பற்றி எழுதிய வெண்பாவை வாசித்தாள். நடத்தியவர் சொன்ன ஒரே விமர்சனம், “மூணாவது அடியில தளை தட்டுது.” அவ்வளவுதான், அடுத்த ஆள். தட்டியது நிஜம். ஆனால் அது தாத்தாவின் மூச்சுத் திணறலைச் சொல்கிற அடி. அங்கே தட்டுவது பிழையா, கேட்க வேண்டிய ஒன்றா என்று ஒரு நிமிஷம் பேசியிருந்தால் அந்தப் பெண் யாப்பை வாழ்நாளுக்கும் விட்டிருக்க மாட்டாள்.

பாடநூல் நயம் பாராட்டலும் இதே வியாதிதான். ‘எதுகை நயம்’ என்று தலைப்புப் போடு, நாலு சொல்லை எடுத்து எழுது, ‘படிப்போர்க்கு இன்பம் பயக்கிறது’ என்று முடி. ஏன் இந்த எதுகை, ஏன் இந்த இடத்தில் என்ற கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. பிண அறுவை என்ற பெயர் இதற்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தர் கத்தியைத் தப்பாகப் பிடித்தார் என்பதற்காக மொத்த சமையலறையையும் பூட்டிவிடுவது என்ன நியாயம்?

சரிபார்ப்பதற்கு இன்றைக்கு ஆளே தேவையில்லை. ‘அவலோகிதம்’ என்ற மென்பொருளில் செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை, எதுகை, மோனை எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடும். நல்ல கருவி, நான் பயன்படுத்துகிறேன். மாலை வருணனையில் காய் எங்கே, மா எங்கே என்று அது சொல்லும். ‘அடி’ ஒத்துப்போகாது என்கிற செய்யுள் ‘ரடி’யில் ஒத்துப்போவதன் வேடிக்கையை அது சொல்லாது. எண்ணுகிற வேலை கருவிக்குப் போனது நல்லதுதான். மிச்சமிருக்கிற வேலை கேட்பது. அதைச் செய்ய மரபுக் காவலர்களுக்கும் நேரமில்லை, புதுக்கவிஞர்களுக்கும் விருப்பமில்லை.

காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று ஒரு பழமொழி உண்டு. யாப்பை நக்கலடிக்க எல்லாரும் தூக்கிக்கொண்டு வருவது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: பேரிகை கொட்டுகிறவன் எண்ணாமலா கொட்டுகிறான்? செராங்கூன் சாலையில் தைப்பூசத்தன்று உறுமி அடிக்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு விட்டால் காவடி நின்றுவிடும்.

புதுக்கவிதையை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ந. பிச்சமூர்த்தியும், 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் யாப்பை விட்டதற்குக் காரணம் சொன்னார்கள், வாதாடினார்கள், எதிர்ப்பை வாங்கிக்கொண்டார்கள். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டார்கள். நம்முடைய நிலைமை வேறு. கையில் வாங்காத பொருளைத் தூக்கியெறிந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் 1887இலேயே சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ அச்சாகியிருக்கிறது. 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்ற க. து. மு. இக்பால் வானொலிக்காக எழுதிய குழந்தைப் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். யாப்பு இங்கே வெளியூர்ச் சரக்கு இல்லை.

இதில் நமக்கு நஷ்டம் என்ன? என் கணக்கு இது. சிங்கப்பூரில் தமிழில் எழுதுகிறவர் நாலு மொழிகளுக்கு நடுவில் எழுதுகிறார். பெரிய மேடைக்கும் பன்மொழித் தொகுப்புக்கும் போகிற வழி பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது எதுகையும் சீரும்தான். அதைத் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்கிறோம் என்றால், உதிரக்கூடியதை முன்கூட்டியே உதிர்த்துவிட்டு எழுதுகிறோம். படிமம், ஒரு திருப்பம், கடைசி வரியில் ஒரு சின்ன அடி. எந்த மொழிக்கும் சேதாரமில்லாமல் போய்ச்சேரும். ஆனால் எந்த மொழியிலும் எழுதியிருக்கக்கூடிய கவிதையைத் தமிழில் எதற்கு எழுத வேண்டும்? குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள நீளம், ஒற்று வந்து இடறுகிற இடம், எதுகை அடிதோறும் வந்து கதவைத் தட்டுகிற முறை, இதெல்லாம் தமிழ் தன் பேச்சிலிருந்து எடுத்துக் கொடுத்த சாமான்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்கிற பிள்ளைகள் முதலில் தொலைப்பதும் இந்தக் குறில் நெடில் காதைத்தான். கவிஞர்களும் அதைத் தொலைத்துவிட்டால் வேறு யாரிடம் இருக்கும்?

எல்லாரும் விருத்தம் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. எழுதினால் பெரும்பாலானவை மோசமாகத்தான் இருக்கும், என்னுடைய அந்த இரண்டு அரையடி போல. கேட்பது ஒன்றுதான். கவிதையைப் பற்றி எழுதும்போது, மதிப்புரையோ முன்னுரையோ எதுவானாலும், ஒரு கவிதையையாவது வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதுங்கள். மரபுக் கவிதை என்றால் அசை பிரித்துப் பாருங்கள்; பிரித்த பிறகு ‘சரியா’ என்று கேட்காமல் ‘ஏன்’ என்று கேளுங்கள். புதுக்கவிதை என்றால் எந்த வரியில் மூச்சு நின்றது, அந்த நிறுத்தம் பொருளோடு சேர்கிறதா என்று சொல்லுங்கள். ‘மனதைத் தொடும் வரிகள்’ என்ற சொற்றொடரை ஒரு வருஷத்துக்கு யாரும் தொட வேண்டாம்.

பிணத்தை அறுப்பது என்று இனியும் யாராவது சொன்னால், பாஞ்சாலி சபதத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்து, மாலை வருணனையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எண்சீர் உடைகிற இடத்தில் அவர் குரல் தானாக மாறும். யாப்பு தெரியாத வாய்க்கும் மாறும். ஏன் மாறியது என்று அப்போது கேளுங்கள்.